கைபேசியின் இந்த முனையிலும் மருத்துவம் வேண்டும்: சர்க்கரை நோயுடன் வாழ்வோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நகரங்களின் ஓரங்களிலும் சர்க்கரை நோயுடன் வாழும் நாங்களும், எங்கள் குடும்பத்தாரும், எங்கள் வாசலுக்கு மாத்திரை கொண்டுவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களும் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை, ஒன்றிய சுகாதார அமைச்சகம், தொலைமருத்துவம் நடத்தும் தனியார் மருத்துவமனைகள், செயலி நிறுவனங்கள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

தொலைமருத்துவம் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. இன்னும் அதிகமாக வேண்டும், இன்னும் முழுமையாக வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறோம். ஒரு சுகர் மாத்திரைச் சீட்டுக்காக வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்து, ரத்தம் கொடுத்து, இட்லி தின்று, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் ரத்தம் கொடுத்து, மத்தியானம் டாக்டரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது ஒரு நாள் கூலி போய்விடுகிறது. துணைக்கு மகளோ மருமகளோ வந்திருந்தால் இரண்டு நாள் கூலி. அதனாலேயே மாதா மாதம் போக வேண்டியவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறார்கள், பிறகு கால் மரத்துப்போனால்தான் போகிறார்கள். இந்த அலைச்சலில் பாதிக்கு மேல் ஒரு நல்ல தொலைபேசி அழைப்பால் மிச்சமாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம். அதே ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்புதான் எங்களை அதிகம் உலுக்குகிறது. நோய் இருப்பது தெரிந்து வாழ்பவர்களில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7 சதவீதத்துக்குள் இருப்பவர்கள் சுமார் 36 சதவீதம்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் ஒருசேரக் கட்டுக்குள் இருப்பவர்கள் 7.7 சதவீதம். பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. நோயைக் கண்டுபிடிக்கிறோம், மாத்திரையும் கொடுக்கிறோம், ஆனால் அதற்கு அப்பால் உள்ள வேலை நடக்கவில்லை என்பதே இதன் பொருள். அந்த அப்பாலான வேலைக்குத்தான் தொலைமருத்துவம் வேண்டும்.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் இங்கேயே நடந்திருக்கிறது. அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த சூணாம்பேட்டைச் சுற்றி 42 கிராமங்களில், சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒரு திட்டம் நடத்தியது. விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவும், கால் நரம்பைச் சோதிக்கும் கருவியும், இ.சி.ஜி.யும் கொண்ட வேன் ஊர் ஊராகப் போனது. படங்கள் இஸ்ரோ கொடுத்த செயற்கைக்கோள் இணைப்பு வழியாகச் சென்னைக்குப் போயின. ஓராண்டில் நோயாளிகளின் மூன்று மாதச் சராசரி 9.3இலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. மேல்சிகிச்சைக்காகச் சென்னைக்கு வர வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. ஸ்மார்ட்போன் ஊருக்குள் வராத காலத்தில் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், கிராமத்து முனையில் கருவியும் இருந்தது, பயிற்சி பெற்ற ஆளும் இருந்தார். இன்று எங்கள் முனையில் கைபேசி மட்டும் இருக்கிறது. இந்தச் சாசனத்தின் எல்லாக் கோரிக்கைகளும் இந்த ஒரு குறையிலிருந்தே எழுகின்றன.

டாக்டர் கேட்கும் கேள்விக்குப் பதில் எங்கள் கையில் இருக்க வேண்டும்

வீடியோவில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, “வெறும் வயித்துல எவ்வளவு இருந்துச்சு?” என்பது. எங்களில் பெரும்பாலோரிடம் அதற்குப் பதில் இல்லை. போன மாதம் முகாமில் எடுத்த ஒரு எண்ணைச் சொல்கிறோம். அது சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதுகூட நினைவிருக்காது. அதை வைத்து டாக்டர் என்ன செய்வார்? “போன தடவை கொடுத்ததையே தொடருங்க” என்கிறார். அழைப்பு முடிகிறது.

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்வது, தொலைமருத்துவத்தால் மூன்று மாதச் சராசரி ஏறத்தாழ 0.3 முதல் 0.5 வரை குறைகிறது என்பது. வீட்டில் எடுத்த அளவு மருத்துவருக்குப் போய், அதைப் பார்த்து அவர் மருந்தை மாற்றும் இடங்களில்தான் பலன் தெளிவாகத் தெரிகிறது. வெறும் அறிவுரைக் குறுஞ்செய்தியால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை.

எனவே குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் மருந்தைப் போலவே இலவசப் பட்டியலில் சேர வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கு அன்றாடம் பார்க்கும் அளவுக்கு. மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு, அழைப்புக்கு முந்தைய வாரத்தில் மூன்று நாளாவது வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்கும் அளவுக்கு. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒருவர் ஸ்ட்ரிப் டப்பாவைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார் என்று யாரும் நம்ப வேண்டாம். மூன்று மாதச் சராசரிக்கான ரத்தத்தைத் துணை சுகாதார நிலையத்திலேயே எடுக்க வேண்டும். கட்டுக்குள் வராதவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை. முடிவு அழைப்புக்கு முன்பே டாக்டரின் திரையில் இருக்க வேண்டும்.

கருவியின் தரமும் முக்கியம். 100க்கு மேற்பட்ட அளவுகளில், ஆய்வகக் கணக்கிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது சர்வதேசத் தர விதி. வெயிலில் கிடந்த ஸ்ட்ரிப்பும், மூடி திறந்தே இருந்த டப்பாவும், தேதி கடந்த சரக்கும் இந்த விதியைக் காப்பாற்றாது. தன்னார்வலர் கையிலுள்ள கருவியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. மார்ச் 25, 2020இல் வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள், ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவருக்கு அதை மறுபடி எழுதித் தரவும், தொடர் ஆலோசனையில் தேவைப்பட்டால் இன்னொரு மருந்தைச் சேர்க்கவும் டாக்டருக்கு அனுமதி தருகின்றன. அந்த அனுமதியைப் பயன்படுத்துங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை மூன்று மாதச் சராசரி இலக்கைத் தாண்டியிருந்தால், மருந்தை மாற்ற வேண்டும். மாற்றவில்லையென்றால் ஏன் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இதைக் கட்டாய விதியாக்கக் கோருகிறோம்.

இன்சுலின் குப்பியையும் ஊசியையும் கேமராவில் காட்டச் சொல்லுங்கள்

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது.

எங்களில் ஒருவர் களை பறிக்கப் போகும் அறுபது வயதைக் கடந்த அம்மா. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. அடுப்படி மூலையில் ஈர மணல் போட்ட சின்ன மண்சட்டிக்குள் இன்சுலின் குப்பியைப் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறார். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் காலையில் 20 யூனிட் போட்டும் சுகர் 300க்குக் கீழே இறங்கவில்லை. தொலைபேசியில் டாக்டர் 24 ஆக்கினார், அடுத்த முறை 30 ஆக்கினார். அப்போதும் இறங்கவில்லை. ஒரு நாள் தன்னார்வலர் குப்பியையும் ஊசியையும் சேர்த்துப் பிடித்து வீடியோவில் காட்டியபோதுதான் எதிர்முனையில் இருந்த டாக்டர் பார்த்தார்: ஊசியின் மூடி ஆரஞ்சு நிறம்.

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான ஊசி சிவப்பு மூடி. பேனாவில் போடும் கேட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100க்கான ஊசி ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட். 30 கோடு வரை இழுத்தாலும் 12தான். அந்த அம்மா சொன்னபடியே செய்துகொண்டிருந்தார், கடையில் கொடுத்த ஊசிதான் மாறியிருந்தது. இது தெரியாமல் அடுத்த மாதம் யாராவது அவர் கையில் சிவப்பு மூடி ஊசியைக் கொடுத்திருந்தால், அன்று காலையே முழு 30 யூனிட் உள்ளே போய், வயல் வரப்பில் மயங்கி விழுந்திருப்பார். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம்: 100 இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட்.

ஆகவே, எந்த இன்சுலின் அளவையும் தொலைபேசியில் கூட்டுவதற்கு முன் குப்பி, ஊசி, போடும் இடம் மூன்றையும் கேமராவில் பார்ப்பதை விதியாக்க வேண்டும். வீடியோ இல்லாத இடத்தில், தன்னார்வலரோ செவிலியரோ பக்கத்திலிருந்து குப்பியில் அச்சிட்ட எண்ணையும் மூடியின் நிறத்தையும் வாசித்துச் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கட்டி விழுந்திருந்தால் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது. அந்தக் கட்டியைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். முதன்முதலாக இன்சுலின் தொடங்கும்போது ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்து, நோயாளி தன் கையாலேயே போட்டுக்காட்டும்வரை கற்றுத்தர வேண்டும். அரசு மருந்தகங்களில் குப்பியோடு அதற்குப் பொருத்தமான ஊசியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், தனித்தனியாகக் கடைக்கு அனுப்பக் கூடாது.

அளவைக் கூட்டிய மூன்று நாளுக்குள் ஒரு தொடர் அழைப்பு வந்தே தீர வேண்டும். இன்சுலினோ, கிளைபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும், லோ சுகர் என்றால் என்ன என்பது நோயாளியைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், 70க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், கால் மணி நேரத்தில் மறுபடி சோதனை, நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108. முதல் அழைப்பிலேயே இதைச் சொல்லித்தர வேண்டும். இரவில் இப்படி நேர்ந்தால் கேட்க, 104 உதவி எண்ணில் எந்நேரமும் சர்க்கரை நோய் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். வாந்தியும் மூச்சிரைப்பும் 300க்கு மேல் சுகரும் சேர்ந்திருந்தால் அந்த அழைப்பிலேயே ஆம்புலன்ஸ் கிளம்ப வேண்டும். “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்ற பதிலை நாங்கள் ஏற்கமாட்டோம்.

ஒரே டாக்டர், ஒரே பதிவேடு

அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி போன்ற பொது வரிசையில் அழைத்தால் யார் ஓய்வாக இருக்கிறாரோ அவர் வருவார். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அது போதும். வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் நோய்க்குப் போதாது. ஒவ்வொரு முறையும் எத்தனை வருடமாக இருக்கிறது, அப்பா அம்மாவுக்கு இருந்ததா, சிறுநீரகம் எப்படி என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லி முடிக்கும்போது நேரம் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் தம் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரே தொலைபேசியிலும் டாக்டராக இருக்கட்டும். அவருக்குக் கைமீறியதை மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ உள்ள சிறப்பு மருத்துவரிடம், நாங்களும் அழைப்பில் இருக்கும்போதே அவர் கேட்கட்டும்.

தொலைபேசியில் மாற்றிய மருந்து தாளில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை முதியவர்கள் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. தன்னார்வலர் அதை அச்செடுத்து, சூரியன் படமும் நிலா படமும் போட்ட சீட்டாகக் கையில் கொடுக்க வேண்டும். மின்னணுச் சீட்டைக் காட்டினால் மருந்துக்கடை மறுக்கக் கூடாது. வழிகாட்டுதல்கள் அதை ஏற்கின்றன.

கால், கண், சிறுநீரகம்

இவை தொலைபேசிக்கு அடங்காதவை. மரத்துப்போன பாதத்தில் முள் தைத்தாலும் எங்களுக்குத் தெரியாது, வீடியோவில் டாக்டருக்கும் தெரியாது. நைலான் இழையால் பாதத்தை அழுத்திப் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும், செலவும் மிகக் குறைவு. அது நடக்காததால் காலையே இழந்தவர்கள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாருக்கும் நேரில் பாதச் சோதனை வேண்டும்; ஏற்கெனவே உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இன்னும் அடிக்கடி. அதோடு சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின்.

கண்ணுக்கு மட்டும் தொலைமருத்துவமே நல்ல வழி. விழித்திரைப் படத்தை ஊரிலேயே எடுத்து அனுப்பினால் கண் மருத்துவர் எங்கிருந்தாலும் பார்த்துச் சொல்லலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்கள் சிற்றூர்களில் இருந்துகொண்டு நகரத்து மருத்துவரோடு நோயாளியை இணைப்பதை நாம் ஆண்டுக்கணக்காகப் பார்க்கிறோம். ஒவ்வொரு வட்டார சுகாதார நிலையத்துக்கும் ஒரு விழித்திரைக் கேமராவும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். பார்வை மங்கும்வரை வலி எதுவும் இருக்காது என்பதால் யாரும் தாமாகப் போய்ப் படமெடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர்ப் பட்டியல் போட்டு அழைக்க வேண்டும்.

தன்னார்வலர்களுக்கு

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, மாத்திரை வீடு தேடி வரும் என்பது எங்களுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. அதைக் கொண்டுவரும் பெண்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். சித்தி, அக்கா, அண்ணி என்று நாங்கள் கூப்பிடுகிறவர்கள். இந்தச் சாசனம் கேட்கும் வேலையில் பெரும்பகுதி அவர்கள் தலையில்தான் விழும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் சேர்த்தே சொல்கிறோம்: அவர்களுக்கு ஊக்கத்தொகை போதாது, முறையான சம்பளம் வேண்டும். தொலை ஆலோசனைக்குச் செலவிடும் நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும். கைபேசியும் டேட்டாவும் அரசு தர வேண்டும். சொந்தப் போனில், சொந்த ரீசார்ஜில் அரசின் வேலையைச் செய்யச் சொல்வது அநியாயம். ஒருவருக்கு எத்தனை வீடுகள் என்பதற்கு உச்சவரம்பு வேண்டும்.

போன் யார் கையில் இருக்கிறது?

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி உடையவர்கள் 54 சதவீதம். தமிழ்நாட்டின் நிலை இதைவிட மேல் என்றாலும், சர்க்கரை அதிகம் தாக்கும் வயதான பெண்களின் மருத்துவ அழைப்பு இன்னும் மகன் போனுக்கோ பேரன் போனுக்கோதான் வருகிறது. அவன் வேலைக்குப் போயிருந்தால் அழைப்பு தவறிவிடும். வீட்டில் இருந்தால், சிறுநீர்த் தொற்று, அரிப்பு, வெள்ளைப்படுதல் பற்றி அவன் முன்னால் ஒரு தாய் எப்படிப் பேசுவாள்? ஆண்களும்தான் தங்கள் தாம்பத்தியக் குறையைக் கூடத்தில் உட்கார்ந்து சொல்ல மாட்டார்கள். துணை சுகாதார நிலையத்தில் கதவு சாத்திப் பேச ஓர் அறையும், அங்கே ஒரு பொதுக் கருவியும், குறித்த நாளும் நேரமும் வேண்டும். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை போன்ற டவர் கிடைக்காத இடங்களுக்கு இந்த அறையே வழி. அங்கே நம்பகமான இணைப்பைக் கொடுப்பது அரசின் பொறுப்பு.

அழைப்பில் தரும் சாப்பாட்டு ஆலோசனையும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கட்டும். ரேஷன் அரிசி சமைக்கும் வீட்டில் ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் சொல்லிப் பயனில்லை. சோற்றின் அளவை எப்படிக் குறைப்பது, கூட எவ்வளவு கீரையும் பருப்பும் முட்டையும் வைப்பது என்று சொல்லுங்கள். சஷ்டி விரதத்துக்கும் ரமலான் நோன்புக்கும் முன்பே அழைத்து மருந்து நேரத்தை மாற்றிக் கொடுங்கள். திட்டினால் சொல்லாமல் விரதம் இருப்போம்.

செயலி நிறுவனங்களுக்கும் அவற்றைக் கண்காணிக்க வேண்டியவர்களுக்கும்

சர்க்கரையை அடியோடு ஒழித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்வதை நிறுத்துங்கள். உடல் இன்சுலினே சுரக்காத முதல் வகை நோயுள்ள இளைஞர்களும் அதைப் பார்க்கிறார்கள். விளம்பரத்தை நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. யாரோடு பேசுகிறோம் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும்: டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் திரையில் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ 2020 வழிகாட்டுதல்கள் தடை விதித்திருக்கின்றன. அந்தத் தடை நடைமுறையில் காக்கப்படுகிறதா என்று தேசிய மருத்துவ ஆணையம் சோதிக்க வேண்டும். ஆலோசனையோடு சேர்த்துப் பொடியையும் சத்துமாவையும் விற்பது நிற்க வேண்டும். எங்கள் சுகர் அளவை எங்கள் சம்மதம் இல்லாமல் காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை கொடுப்பவருக்கோ தரக் கூடாது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே வந்துவிட்டது. அதன்படி சம்மதப் படிவம் எங்களுக்குப் புரியும் தமிழில், வாசித்துக்காட்டும் குரலோடு வேண்டும்.

கணக்கு

மொத்தம் இத்தனை லட்சம் அழைப்புகள் என்ற அறிவிப்பு எங்களுக்குப் போதாது. எங்கள் ஊரில் பட்டியலில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இந்த அரையாண்டில் மூன்று மாதச் சராசரி பார்த்தார்கள், எத்தனை பேர் கட்டுக்குள் வந்தார்கள், எத்தனை பேரின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், எத்தனை கண்களைப் படமெடுத்தார்கள், மருந்து இல்லாமல் எத்தனை வாரம் போனது என்ற எண்கள் வேண்டும். பெயர்கள் வேண்டாம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 கிராம சபைகளில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் இந்த எண்களை வாசிக்க வேண்டும். நகரங்களில் வார்டு கூட்டங்களில். கேள்வி கேட்க எங்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும், கேட்ட கேள்வியும் வந்த பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். அடுத்து வரும் கிராம சபையிலேயே இதைத் தொடங்கக் கோருகிறோம்.